ஓரவஞ்சனை

சிலோயே தீவில் மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
படகிலிருந்து இறங்கி, சகதியில்
இரண்டு கேன்களைச் சுமந்து
எதுவினா சிகுவாயின் உருளைக்கிழங்குச் சரிவுக்குப் போனேன்.
ஒன்றில் கடற்பாசிச் சாறு.
மற்றதில் சாயம் கலந்த தண்ணீர்.
எதில் எது என்று எனக்கும் தெரியாது.
மூடிகள் மட்டும் சிவப்பு, நீலம்.

"தெரியாமல் தெளிப்பதுதான் சோதனை" என்றேன்.
"தெரியாமலா" என்றாள்.
அவள் நாய் சிவப்பு மூடியை முகர்ந்து வாலாட்டியது,
நீலத்தைத் தாண்டிப் போனது.
நான் நோட்டைத் திறந்து தேதி எழுதினேன்.

லிட்டருக்கு நான்கு மில்லி.
பதினைந்து நாளுக்கொரு முறை,
காற்று இன்னும் எழாத காலையில்,
இலையின் அடிப்பக்கமும் நனைய.
சொன்னபடியே செய்தாள்.
போனில் அளவு சொல்வாள்:
சிவப்பு வரிசை முழங்காலுக்கு மேல்.
நீலம்
(கொஞ்சம் இழுத்து)
அதுவும் பரவாயில்லை.

மார்ச்சில் தோண்டினோம்.
கத்தரிப்பூ நிறத்தில் சில,
கன்றுக்குட்டி மூக்குபோல் கறுத்து ஈரமாய்ச் சில.
ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது.
என்னிடம் எடை.

சிவப்பு: நாற்பத்தொரு கிலோ.
நீலம்: நாற்பது கிலோ எழுநூறு.

தராசைத் தட்டிப் பார்த்தேன். மறுபடி நிறுத்தேன்.
மூன்று வருட மானியம்
முந்நூறு கிராமில் தொங்கியது.

நீல வரிசைக் கிழங்கொன்றின் மண்ணைக்
கட்டைவிரலால் தள்ளியபோது
ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது,
காய்ந்த பச்சை, வெங்காயத் தோலைவிட மெல்லிசு.
நாக்கில் வைத்தேன்.
உப்பு.

அவள் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஜனவரியில் மழையே இல்லை.
ஒரு பக்கத்துக்குக் கடலைக் கொடுத்தாய்,
இன்னொரு பக்கம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.
ஒரே பந்தி, அதில் ஓரவஞ்சனையா?
கடல் நன்றாக வற்றிய ராத்திரி
நாலு கூடை லமியா வாரி வந்து வேரில் போட்டேன்.
உன் கேனை நான் தொடவில்லையே."

தொடவில்லைதான்.

அடுப்பில் இரண்டு வரிசையும் ஒரே பானையில் வெந்தன.
தோல் வெடித்ததை எடுத்து என் தட்டில் வைத்தாள்,
எந்தப் பக்கத்தது என்று சொல்லாமல்.
நான் கேட்கவில்லை, இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

கடைசிப் படகு. மடியில் அறிக்கைத் தாள்.
"வேறுபாடு" என்ற கட்டம் காலி.
எதிர் இருக்கையில் யாரோ ஒரு கிழவர் காலுறையைப் பிழிகிறார்.
பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுப்
பென்சிலைத் தேடினேன்.