இடது கை விட்ட இடம்

பெர்கனில் பழைய இசைத்தட்டு விற்கிறவனுக்கு
முதல் எதிரி ஈரம்.
இரண்டாவது, தூர்லைஃப் ஹெஸ்ட்னெஸ்.

எந்த அலமாரியில் வைப்பது இந்த மனிதரை?
'பியானோ' என்று எழுதிய தட்டில் வைத்தால்
வாத்தியக்குழு வரிசையில் தேடிவிட்டு
வெறுங்கையோடு போகிறார்கள்.
அங்கே மாற்றினால்,
சனிக்கிழமை நடனக் குழுவில்
வேறு பெயரில் வாசித்தாராமே,
அது இருக்கிறதா என்கிறான் ஒரு தாடிக்காரப் பையன்.
படகுத்துறை மெக்கானிக் அஸ்லாக்குக்கோ
வானொலியின் குழந்தைகள் நேரம் மட்டும் போதும்.
அதில் ஒற்றை விரலால்
ஒரு கடல்நாய் மாடிப்படி ஏறுவதை வாசிப்பார்.

நாற்பத்தொரு தட்டுகள்.
ஒரே ஆள்தானா என்று
அட்டைப் படங்களை வரிசையாய்ப் பரப்பிப் பார்த்தேன்.
மூக்கு ஒன்றுதான்.

விலை போடவேண்டுமே என்று
கோடை முழுக்க ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
கோலை எடுத்தால் எண்பது பேரை
ஒரு மூச்சில் கட்டி இழுக்கிறவர்
பியானோவில் உட்கார்ந்தால்
பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல் வாசிக்கிறார்.
பாட்டுக்காரி மூச்சுக்குத் திணறும் இடத்தில்
தானும் அரை நொடி பின்தங்குகிறார்.
கேட்கிறவர்களுக்கு
அவர்தான் தடுமாறினார் என்று தோன்றும்.

அந்த ஒரு தட்டு மட்டும்.
அறுபத்தொன்றில் பதிவானது.
வாசித்தபடியே குழுவையும் நடத்துகிறார்.
மண்டபத்துக்குத் தகரக் கூரை,
மெதுவான பகுதியில் மழை கேட்கும்.
ஐந்தாம் நிமிடம் வலுத்து ஆறில் ஓயும்.
முதல் தடவை எழுந்துபோய்
ஜன்னலைச் சாத்தினேன்.
வெளியேயும் மழைதான்.
எது எந்த வருடத்து மழை என்று
இந்த ஊரில் யார் சொல்வது.

ஏழாம் நிமிடத்தில் ஒரு பள்ளம்.
இடது கையில் வரவேண்டிய சுரம் வரவில்லை.
அச்சிட்ட தாளை இரவல் வாங்கிப் பார்த்தேன்.
கறுப்பாய், கொழுத்து, அங்கேயே உட்கார்ந்திருக்கிறது சுரம்.
தட்டில் இல்லை.
நேர்மையான வியாபாரி நான்.
மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டினேன்:
"ஒரு சுரம் கைவிடப்பட்டுள்ளது. பாதி விலை."

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
சொட்டும் குடையோடு போர்கில் ம்யெல்டெ வந்தாள்.
அட்டையின் பின்பக்கம் வாசித்தாள்.
முன்பக்கம் திருப்பி என் சீட்டை வாசித்தாள்.
பிறகு கையுறையைக் கழற்றி
கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டத் தொடங்கினாள்.
என்ன செய்கிறீர்கள் என்றேன்.

"ஆர்ன்ஃபின் என் கணவர்.
அந்தக் குழுவில் பசூன் வாசித்தார்.
எப்போதும் அரை நொடி தாமதம்,
கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தார்.
அந்த இடத்தில் அவர் தனியாக நுழையவேண்டும்.
முந்தின இரவெல்லாம் தூக்கமில்லை.
ஹெஸ்ட்னெஸ் பியானோவிலிருந்து கையைத் தூக்கி
இவரைப் பார்த்து நீட்டினாராம்,
ஆற்றைத் தாண்டுகிறவனுக்கு நீட்டுவதுபோல.
மறுபடி பதிவு செய்யலாம் என்றார்களாம்.
வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்றாராம் அவர்."

சீட்டின் பசை முழுதாய்ப் போகவில்லை.
"கைவிட" மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது,
அதையும் உரித்தாள்.

வாங்கவில்லை. வீட்டில் கருவி இல்லையாம்.
போட்டுக் காட்டட்டுமா என்றேன்.
பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.
குடை நின்ற இடத்தில்
தரையில் வட்டமாய்த் தண்ணீர்.

எத்தனை பாராட்டுரைகள் இந்த மனிதரைப் பற்றி.
பன்முகம், மேதைமை, பொற்காலம்.
பழைய சஞ்சிகைகளில் கட்டுக் கட்டாய்க் கிடக்கின்றன,
எடைக்குப் போடத்தான் வைத்திருக்கிறேன்.
அவர் வாசிக்காமல் விட்ட ஒன்றைப் பற்றி
அவற்றில் ஒரு வரி தேடினேன்.
பசூன்காரனின் பெயர்கூட இல்லை,
அட்டையிலும் இல்லை.

பென்சிலால் உள்ளுறையில் எழுதிவைத்தேன், ஆர்ன்ஃபின் என்று.
விலை இன்னும் போடவில்லை.
அலமாரியும் முடிவாகவில்லை.
இப்போதைக்குக் கல்லாவுக்குப் பின்னால்,
தேநீர்க் கெட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

நேற்று கடை சாத்தியபின் போட்டேன்.
மழை வலுத்தது, ஓய்ந்தது.
ஏழாம் நிமிடம்.
அடியில் ஒன்றுமில்லை.
காற்றில் ஒரு கை இருக்கவேண்டும்.
பசூன் வருகிறது,
அப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான்.