மறுவாய்ப்பு

காலை பத்து இருபதுக்குத் தோற்றேன்.
மலிவான தோல்வி, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
உலான்பாத்தரிலிருந்து வந்த ஓயுன்
என் வலது காலை மார்போடு அணைத்துத் தூக்கி
கோலாலம்பூரைத் தலைகீழாகக் காட்டினாள்.
கூரை விளக்கு. தங்கை கையில் சுருட்டிய கொடி.
நடுவரின் வெள்ளைச் சப்பாத்து.
பிறகு இரண்டு தோளும் பாயில்.

மற்போரில் ஒரு விதி உண்டு,
வெளியாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.
உன்னை வீழ்த்தியவள் இறுதிக்குப் போனால்
நீயும் எழுந்து வரலாம், வெண்கலத்துக்கு.
அவள் வழியில் விழுந்தால்
நீ காலையிலேயே முடிந்துபோனவள்.

ஆகவே காத்திருந்தேன்,
ஒரு வாழைப்பழத்தோடு,
விரல் பிளாஸ்திரியைப் பிரிக்காமல்.

பதினாறு வருடம்.
அல்மாத்தி போனேன், தாஷ்கண்ட் போனேன், எந்த ஊரையும் பார்க்கவில்லை.
தராசுகளைப் பார்த்தேன்.
அறிவிப்பாளர்கள் தவமலரைத் தாவமாலா ஆக்கினார்கள்,
இன்று சொந்த ஊர்க்காரரும்.
நூறு கிராம் கூடுதல் என்று ஒரு தடவை
ஓட்டல் கத்தரிக்கோலால் பின்னலை வெட்டினேன்.
செந்தூல் பிளாட்டில் கறுப்புக் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு
பதினேழு மாடி ஏறி இறங்குவேன்.
எட்டாம் மாடிச் சீனக் கிழவர்
லிஃப்ட் ரோசாக் கா என்று கேட்பார்.
லிஃப்ட் நன்றாகத்தான் இருந்தது.

பிழைப்புக்கும் எடைதான்:
கூரியர் கிளையில் பார்சல் நிறுத்து ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

மஸ்ஜித் இந்தியா நகைக்கடையில்
என் இடது காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்
இதுல திருகாணி ஏறாதும்மா என்றார்.
ஒரு கொரியாக்காரியின் நெற்றி செய்த காது அது.
அம்மா தோட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள்.
அன்று பேருந்தில் நாங்கள் பேசவில்லை.

மூன்று நாற்பது. அரையிறுதி.
ஓயுன் நீலம், ஜப்பான்காரி சிவப்பு.
நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது.
காலைப் பிடிடி, இடுப்பை விடாதேடி!
தமிழில்தான் வந்தது.
என் ஊரே திரும்பிப் பார்த்தது:
உன்னை மல்லாத்தினவளுக்கா?
ஆமாம், அவளுக்குத்தான்.
சாமி கும்பிட்டதுகூட அவளுக்குத்தான்.

மூன்றுக்கு இரண்டு, ஓயுன் முன்னால்.
ஒன்பது நொடி.
அவள் இடது குதிகால்
ஆரஞ்சு வட்டத்தை விரலகலம் தாண்டியது.
மூன்றுக்கு மூன்று.
சமன் என்றால் பெரிய பிடி போட்டவளுக்கே வெற்றி;
பெரிய பிடி சிவப்புடையது.

அந்த விரலகலத்தில்தான் என் பதினாறு வருடமும் விளிம்பைத் தாண்டியது.
பாயில் நான் இல்லை.

தண்ணீர்ப் பீப்பாய் அருகே வந்தாள், தலையில் துண்டு.
சாரி என்றாள்.
காலைக்கா, மாலைக்கா என்று கேட்க
எங்களிடம் பொதுவாக ஒரு மொழி இல்லை.
அவள் காதும் என் காது மாதிரியே இருந்தது.

விடைபெறுகிறவர்கள்
சப்பாத்தைக் கழற்றிப் பாயின் நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள்.
டிவியில் பார்த்து அழுதிருக்கிறேன்.
எனக்கு அந்த நடு காலையிலேயே கடந்துபோயிருந்தது,
யாரும் சொல்லவில்லை.
இப்போது அங்கே
வேறு இரண்டு பெண்கள் வெண்கலத்துக்கு மூச்சிரைத்தார்கள்.

இரவு ஒன்பதரை.
அரங்கில் பாதி விளக்கு. தங்கை வாசலில் கிராப் பிடிக்கப் போயிருந்தாள்.
தொண்டூழியச் சட்டை போட்ட பையன் ஒருவன்,
என்னை யாரென்று தெரியாதவன்,
அக்கா, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன் என்றான்.

பையை இறக்கினேன்.
முழங்காலை மடக்கி, முதுகை நேராக்கி,
அடியில் இரண்டு கையையும் நுழைத்தேன்.
பாய்த் துண்டு எழுந்தது,
எந்த எதிராளியையும்விடச் சொன்னபடி கேட்டு.

ஸ்ட்ராங்கா இருக்கீங்க என்றான் பையன்.

இன்னும் பதினோரு துண்டு கிடந்தது.