வெள்ளிக்கிழமைக் கணக்கு

தகீராவில் வத்தம் இறங்கும் நேரம்
எங்கள் விடுமுறையைக் கேட்டு வருவதில்லை.
ஜூலையில் அது விடிகாலை மூன்றரைக்கு.
ஆறு பேர், நெற்றியில் விளக்கு,
முழங்கால்வரை சேறு.
ரொவேனாவின் மூக்குக்கண்ணாடி புழுக்கத்தில் பூத்துப்போக
கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
அலையாத்திக் கன்றுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

போன வருஷம் நட்டது நானூற்றுப் பன்னிரண்டு.
இருப்பது நூற்று எண்பத்தேழு.
எண்பத்தெட்டு என்றார் டிகாராம்,
ஒரு மொட்டைக் குச்சியைக் காட்டி.
நகத்தால் கீறிப் பார்த்தோம்.
உள்ளே பச்சை.
சரி, எண்பத்தெட்டு.

ஆகஸ்டில் யாரும் வரவில்லை. நானும்தான்.
இதைச் சொல்லிவிட வேண்டும்;
எல்லா மாதமும் வந்ததுபோலத்தான்
பிறகு பேசிக்கொள்கிறோம்.

செப்டம்பரில் காய்கள் விழுந்தன.
காய் என்பதும் சரியில்லை,
மரத்திலேயே முளைத்துவிட்டுக் கீழே வருகிற பிள்ளை.
ஓதம் ஒதுக்கிய இடமெல்லாம் பொறுக்கினோம்.
என் வாளியில் கம்பெனி முத்திரை இருந்தது.
முத்தசிம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
நானும் முத்திரையை
என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

குளிர் வந்ததும் கூட்டம் வந்தது.
பூநாரைகளும், பூநாரை பார்க்கிறவர்களும்.
தைபா தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி எண்ணைச் சொல்ல
நான் நோட்டில் கோடு போடுவேன்.
இருநூற்று ஆறு.
ஒன்று காற்றில் எழும்பி, புரண்டு,
முள்வேலியில் போய்ச் சிக்கியது.
ரோஸ் நிறப் பை.
இருநூற்று ஐந்து.

அணைக்காத கரியைக் கிளறித் தண்ணீர் ஊற்றினோம்.
பிரியாணித் தட்டுகள், ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு,
கைவிட்ட கம்பிக்கூண்டு ஒன்று.
பிடித்தவன் மறந்த பிறகும் அது பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
உள்ளே பதினோரு நண்டு.
நான்கு மட்டும் நடந்தன.

மார்ச்சில், மூச்சுவேர்களின் மேல்
சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு.
மாவு சலித்ததுபோல நைஸாக.
வடகாற்றுதான் என்றாள் ரொவேனா.
வடகாற்று கொண்டுவருவது மணல், விரலில் நறநறக்கும்.
இது வழுக்கியது.
எனக்கு இந்தச் சேற்றைத் தெரியும்.
வாரத்தில் ஆறு இரவு
இதைத்தான் கடலடியிலிருந்து உறிஞ்சிக்
குழாய்வழி அனுப்புகிறேன்.
காலையில் அங்கே ஒரு முழம் நிலம் கூடியிருக்கும்.
செவ்வாய் இரவு, சேறு பரவாமல் கட்டிய திரை கிழிந்தது.
சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்,
பம்பை நிறுத்தச் சொல்லவில்லை.
நிறுத்தவா என்று நானும் கேட்கவில்லை.

நோட்டில் கடைசிக் கட்டம்: காரணம்.
எப்போதும் காற்று, ஒட்டகம், வெயில் என்றே நிரப்புவோம்.
பேனா என் கையில்தான் இருந்தது.
தமிழில் எழுதினேன்.
ஒளித்து எழுதியதா, எழுதாமல் இருக்க முடியாததா,
இன்னும் எனக்கே பிடிபடவில்லை.

தைபா குனிந்து பார்த்தாள். இது என்ன?
என் உடைந்த அரபியில் முத்தசிமிடம் சொன்னேன்.
அவர் அதை முழு அரபியில் அவளிடம் சொன்னார்,
என் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

அவள் கொஞ்ச நேரம்
வாளியைப் பார்த்தாள்.
பிறகு கேட்டாள், மணி?
பதினொன்றே கால்.
என் வரிக்குக் கீழே
வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டாள்.
முத்திரை வெளியே தெரிய
வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தாள்.

வேர் வேராகக் கழுவினோம்.
நாற்பது கன்று முடிந்திருக்கும்,
ஏத்தம் தொடங்கிவிட்டது.
கழுவியதற்கும் கழுவாததற்கும்
ஒரே தண்ணீர் ஏறியது.

இரவு எட்டு மணிக்கு எனக்கு டியூட்டி.
பஸ்ஸில் நகத்திடுக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
சாம்பல்.
அது காலையில் ஒட்டியதா
நேற்றையதா
என்று சொல்லத் தெரியவில்லை.