தனம்

நாலாம் பக்கம், பதினொராம் பந்தி.
லண்டன் அப்புக்காத்து எழுதின ஆங்கிலம்
வழுக்கிக்கொண்டு வந்து
ஒரு சொல்லிலே நின்றது:
மங்கிஷ்.

'மங்கி எண்டால் குரங்கெல்லோ?'
தம்பியைக் குரங்காக்கிவிட்டார்களோ என்று
கதிரை நுனிக்கு வந்துவிட்டாள் பரிமளகாந்தி.
இல்லை, துறவி என்றேன்.
துறவி மாதிரி. துறவிச் சாயல்.
'அதுக்கு ஏன் வழக்கு?'

நியாயமான கேள்வி.
கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக்கு மேலே
இருபத்திரண்டு வருடமாக, பக்கக் கணக்கில்,
பிறப்பும் இறப்பும் விவாகமும் பெயர்க்கிறேன்.
இப்படி ஒரு சொல்லுக்கு
பேனையைக் கீழே வைத்தது இதுதான் முதல்.

அவர்களிடம் இரண்டு இருக்கின்றன.
மொனாஸ்ட்டிக் என்று ஒன்று:
வெள்ளைச் சுவர், ஒற்றைக் கட்டில், விடியற்காலை.
அப்படி ஓர் அறைக்கு வாடகையும் கூடக் கேட்பார்கள்.
மற்றது இது, வால் வைத்த சொல்.
'இஷ்' என்று முடிக்கையில் மூக்கு சற்றே சுருங்கும்.
அதே அறை, அதே கட்டில்,
பார்க்கிறவருக்குத்தான் குளிர்கிறது.

பிக்கு என்று போடலாமா?
போட்டால் முள்கம்பியும் காவலரணும் கூட வரும்,
காணி உறுதியைக் கையில் பிடித்தபடி நாலு பேர்
பந்திக்குள் வந்து நிற்பார்கள்.
முனிவர் என்றால் சாபம்.
சந்நியாசி என்றால் பூனை.
ஆண்டி என்றால் நல்லூரான் குறுக்கே வருவான்.
தோலகட்டி மதிலுக்குள் பேசாமல் இருந்து
நெல்லிரசம் போத்தலில் அடைக்கிறவர்களை நினைத்தேன்.
அந்தப் புளிப்புக்கு இதுவரை
ஒருவரும் நட்டஈடு கேட்டதில்லை.

துறவித்தனம்?
கஞ்சத்தனம், கள்ளத்தனம், குரங்குத்தனம்.
எங்கள் தனமும் லேசில் நல்லதோடு ஒட்டாது.
தன்மை என்றால் மாலை போட்டுக்கொண்டு வரும்.
ஆனால் தனம் என்றால் செல்வமும்தான்.
துறவியின் செல்வம் எவ்வளவு இருக்கும்,
எந்தக் கோடு அதைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும்?

'தரகர் அப்ப இதைத்தானே சொன்னவர்,
பெடியன் சாமி மாதிரி, குடியில்லை வெறியில்லை எண்டு.
அதைக் கேட்டுத்தானே அவையும் ஓமெண்டவை.'

சத்தியக்கடதாசி தொடர்கிறது.
கட்டிலில் படுப்பதில்லை, தரையில்.
நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.
ஹீட்டர் போட விடுவதில்லை.
கிழமைக்கணக்கில் கதை இல்லை.
வாசல் கதவடியில் ஒரு பை,
கட்டினபடி, பதின்மூன்று வருடம்.
உள்ளே ஒரு சாரம், டோர்ச்,
பொலித்தீன் உறையில் அடையாள அட்டை.

சுகிர்தினியைக் குறை சொல்ல மாட்டேன்.
பதின்மூன்று குளிர்காலம்
அந்தப் பையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள்,
தாண்டித்தான் வந்தாள்.
அவளுக்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது,
அப்புக்காத்து ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் எந்தத் துறவி பை கட்டி வைப்பான்?
துறந்தது வேறு, பறிபோனது வேறு.
லண்டனிலிருந்து பார்த்தால்
இரண்டும் ஒரே அறை.

அடிக்குறிப்பு எழுத எனக்கு அதிகாரமில்லை.
இருப்பதைப் பெயர்ப்பேன் என்றுதான் சத்தியம்.
என் பை அலுமாரிக்குக் கீழே.
வருடத்துக்கு ஒருமுறை
டோர்ச்சுக்குப் பற்றரி மட்டும் மாற்றுவேன்.

துறவித்தனமான என்று அடித்தேன்.
உண்மையான மொழிபெயர்ப்பு என்று முத்திரை குத்தினேன்.
மை கொஞ்சம் பரவிவிட்டது.
ஆறு பக்கம், மூவாயிரம்.
நாலாம் பக்கத்துக்கு வாங்க மனம் வரவில்லை,
ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

'அப்ப என்னதான் எழுதியிருக்கு?'
'சாமி மாதிரி எண்டு.'
முகம் விரிந்துபோயிற்று.
'அவன் சின்னனிலையே அப்படித்தான்'
என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினவள்
மூன்றாம் படியில் நின்றாள்.

'இல்லை,' என்றாள், என்னைப் பாராமல்.
'சின்னனிலை ஜெயரூபன்
வாய் ஓயாத பெடியன்.'