பச்சைப் பஞ்சு

நார்ஷெப்பிங், நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து
நிலவறையில் ஒரே சலவை அறை.
இரண்டு இயந்திரம், ஓர் உலர்த்தி,
முறை குறித்துச் சின்னப் பூட்டு மாட்டும் பலகை.

திங்களன்று முதல் சீட்டு,
உலர்த்தியின் கதவில், நீல மையில்:
"சல்லடையில் பஞ்சை அப்படியே விட்டுப் போனவருக்கு,
உங்களை வளர்த்தது மனிதர்கள்தானா?
அன்புடன், பக்கத்து வீடு."

அந்த 'அன்புடன்'தான் சுட்டது.

செவ்வாய், அதன் கீழே பென்சிலில்:
"கோழையே, பெயரைப் போடு."
எழுதியவரும் பெயர் போடவில்லை.

புதனன்று ஒருவர்
பென்சிலின் எழுத்துப் பிழையைச் சிவப்பில் வட்டமிட்டு
எத்தனாம் வகுப்பு என்று கேட்டிருந்தார்.
வெளியூர்க்காரர்கள் வந்தபின்தான் இப்படி என்றார் இன்னொருவர்.
கிழடுகள் போய்ச் சேர்ந்தால்
எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை முறை கிடைக்கும் என்று ஒருவர்.
மின்கட்டணம், நகராட்சி, யாருடைய நாயோ,
யாருடைய அம்மாவோ.
தாளில் இடம் தீர்ந்து அடுத்த தாள் ஒட்டினார்கள்,
அதற்கும் கீழே இன்னொன்று.
அனுமார் வால்.
பஞ்சை எல்லோரும் மறந்தே போனோம்.

படிக்கட்டில் நாங்கள் வேறு ஆட்கள்.
லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக் காத்திருப்போம்.
பெஸ்னிக்கின் குழந்தை கையுறையை உதிர்த்தால்
மூன்று பேர் குனிந்து முட்டிக்கொள்வோம்.
குன்வோர் அம்மாள், நான்காம் மாடி,
என் முழங்காலை நலம் விசாரிப்பார்
அது ஏதோ எங்கள் இருவருக்கும் தெரிந்த ஆள் போல.

வியாழன் இரவு நானும் எழுதினேன்.
இடக்கையால், என் எழுத்தென்று தெரியாதபடி,
நீல மைக்காரரைக் குறிவைத்து:
"நீ செத்து நாறிய பிறகுதான்
உன் கதவை யாராவது தட்டுவார்கள்."
எழுதி முடித்ததும் ஒரு சுகம்.
பொய் சொல்வானேன்,
மேலேறும்போது முழங்கால் வலிக்கவில்லை.

சனிக்கிழமை என் கதவில் ஒரு சீட்டு.
"உங்கள் பொட்டலம் என்னிடம் இருக்கிறது.
எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், காபி உண்டு. குன்வோர்."
நீல மை.
வால் உள்ள எழுத்தெல்லாம்
தூண்டில் முள்ளாக வளைந்திருந்தன.
'வளர்த்தது' என்ற சொல்லில் பார்த்த அதே முள்.

போனேன்.
இலவங்கப்பட்டை ரொட்டி, இரண்டு கோப்பை காபி.
"கீழே என்னென்னவோ எழுதுகிறார்களே, பார்த்தீர்களா?
யார்தான் பெற்றார்களோ" என்றார்.
"யாரோ" என்றேன்.
இருவரும் தலையை ஆட்டினோம்,
கரண்டியால் கோப்பையைக் கலக்கினோம்.
இருவருமே சர்க்கரை போடாதவர்கள்.

கிளம்பும்போது வாசலில் சொன்னார்,
மழை வருமா என்று கேட்கிற குரலில்:
"ராத்திரி இப்போதெல்லாம் சங்கிலி மாட்டுவதில்லை.
ஏதாவது ஆகிவிட்டால்
யாராவது உள்ளே வர வேண்டுமே."

பொட்டலத்தோடு நேரே நிலவறைக்கு இறங்கினேன்.
என் வரிக்குக் கீழே
மூன்று நிற மையில் மூன்று பேர்:
"சரியாகச் சொன்னீர்கள்."
"சபாஷ்."
"ஹா ஹா."

எல்லாத் தாளையும் கிழித்தேன்.
கதவின் வெள்ளைப் பூச்சும் கொஞ்சம் உரிந்து வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
அன்று சல்லடையில் இருந்த பஞ்சு பச்சை.
என் கம்பளியும் பச்சை.
திங்கட்கிழமையே தெரியும் எனக்கு.

அடுத்த திங்கள்
உலர்த்தியில் புதுத் தாள், பென்சிலில்:
"சீட்டுகளைக் கிழித்த திருட்டு நாய்க்கு."

படித்து முடிப்பதற்குள்
என் இடக்கை
பைக்குள் பேனாவைத் துழாவிக்கொண்டிருந்தது.