மீட்டருக்கு ஒரு பென்னி

எடின்பரோ. மாணவர் விடுதி, நான்காம் மாடி.
பென்னிக்குப் பென்னி வெப்பம் அளந்து தரும்
கேஸ் மீட்டர்.
சவரிராயன் கையுறையோடு உட்கார்ந்து
எலும்புகளின் லத்தீன் பெயர்களை உருப்போடுகிறான்.

மாலையில் மாணவர் சங்கத்தில் விவாதம்:
இந்தியா தன்னைத் தானே ஆளத் தகுதி பெறவில்லை.
முன்மொழிந்தவன் லக்லன், எங்கள் கீழ்மாடிக்காரன்.
எனக்கு மூன்று நிமிடம்.
மணி அடித்தபோது
உப்பு வரிக்குத்தான் வந்திருந்தேன்.
அவர்களுக்கு நூற்றுப் பதினேழு, நமக்கு நாற்பத்தொன்று.
அதிலும் இரண்டு பேர்
கதவு மாறி நம் பக்கம் வந்துவிட்டவர்கள்.

பதினொன்றரைக்குக் கதவு தட்டல்.
கோட்டின் மேல் போர்வை சுற்றி லக்லன்:
மீட்டர் அணைந்துவிட்டது,
ஒரு பென்னி இருக்குமா,
சனிக்கிழமை தந்துவிடுவேன்.

சவரி புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.
"தீர்மானத்தை வழிமொழிபவர் உண்டா?"

லக்லனின் காது சிவந்தது.
குளிராலும் இருக்கலாம்.

எடுத்துக் கொடுத்தேன்.
அரசர் தலையைச் சுற்றிப் பொடி எழுத்தில் லத்தீன்:
இந்தியாவுக்கும் அவரே சக்கரவர்த்தி.
தேய்ந்திருந்தது. செல்லும்.

படியிறங்கும் சத்தம்.
கீழே மீட்டர் காசை விழுங்கும் சத்தம்.
சற்று நேரத்தில்
எங்கள் தரைப்பலகை வெதுவெதுத்தது.
சவரிராயன் ஒரு கையுறையை மட்டும்
கழற்றினான்.