காட்டிக்கொடுத்த மூச்சு

எட்டுக்குப் பூஜ்யம்.
ஸெனிட்சா உள்ளரங்கில், பிப்ரவரியில்,
என் பெயர் பலகையில் எரிந்தது மொத்தம்
ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

சிவப்புக் கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டு
கழிப்பறைக்குப் போனேன். அழ அல்ல,
கால் பெருவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது.
அங்கே அவளும் நின்றிருந்தாள், வில்தானா,
என்னை வெளியே அனுப்பியவள்,
குழாயில் முகம் கழுவிக்கொண்டு.
தன் பிளாஸ்திரியில் ஒரு சாண் கிழித்துத் தந்தாள்.
பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:
"அடிக்க வருமுன் நீ மூச்சை இழுக்கிறாய்.
வாயால். கேட்கிறது."

கேட்கிறதாம்.
பதினோரு வருடம்
இடுப்பே திரும்பு, குதிகாலே எழு, தோளே தளர் என்று
ஒவ்வோர் உறுப்பையும் கண்டித்து வளர்த்தவள்
வாயை விட்டுவிட்டேன்.
கதவைத் தட்டிவிட்டுத் திருடப் போயிருக்கிறேன்
இத்தனை நாளும்.

பழைய பந்தயங்களின் காணொளி என்னிடம் உண்டு.
எப்போதும் ஒலியை அணைத்தே பார்ப்பேன்,
மேல்மாடியில் கைக்குழந்தை.
அன்றிரவு காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.
ஒவ்வோர் அடிக்கும் அரை வினாடி முன்பு
ஒரு சின்ன ஹ்ஹா,
சூப்பு சுட்டதுபோல.

துஸ்லாவில் உப்பு ஆலையில் எனக்கு வேலை.
ஒரு கிலோப் பைகள் பட்டையில் நகர்ந்து வரும்,
நான்கு வினாடிக்கு ஒருமுறை
இயந்திரம் அவற்றின் வாயை ஒட்டும்.
மார்ச் முழுக்க அதனோடு மூச்சு விட்டேன்:
ஒட்டும்போது வெளியே. ஒட்டும்போது வெளியே.
பக்கத்தில் நிற்கும் ஹாய்ரா கேட்டாள்,
பிள்ளைப்பேற்றுக்குப் பழகுகிறாயா என்று.
மதியத்துக்குள் ஆலையெங்கும் சேதி பரவி
மேலாளர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.
மறுக்கவில்லை. கால் வலித்தது.

மாலையில் பாயில் எல்தின்.
பதினேழு வயது, கொக்குக் கால்.
"கேட்குது" என்பான், அடிக்கு அடி.
ஏப்ரலில்: கேட்குது.
ஜூனில், ஊரே ஏரியில் கிடக்கையில்: கேட்குது.
ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஒன்றும் சொல்லாமல்
விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
மன்னிப்புக் கேட்டேன்,
சந்தோஷமாகத்தான் கேட்டேன்.

நவம்பர். மோஸ்தார்.
குலுக்கலில் முதல் சுற்றிலேயே அவள் பெயர்.
ஹஜிமே என்றார் நடுவர்.
உள்ளங்காலில் பாய் ஜில்லென்றது.
அவள் தலை இம்மியளவு சாய்ந்திருந்தது:
காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கே அது தெரியுமோ என்னவோ.

எட்டு மாதம் மறக்கப் பழகியதை
அப்போது எடுத்தேன்.
வாயைத் திறந்து, பழையபடி,
கடைசி வரிசைக்கும் கேட்கும்படி
ஒரு மூச்சு இழுத்தேன்.
இழுத்துவிட்டு நின்றேன்.
அவள் வந்தாள், வராத என்னை மறிக்க.
நீண்ட அவள் கைக்குக் கீழே
என் வலக்கை போய்த் திரும்பியது.
மூன்று சிவப்புக் கொடிகள்.
ஒரு புள்ளி.

இதோடு நிறுத்தினால் நன்றாயிருக்கும்.
அடுத்து என் காதோரம் அவள் வைத்த உதைக்கு மூன்று.
கடைசி வினாடிகளில் இன்னும் ஒன்று.
நாலுக்கு ஒன்று. ஆனால்
மூன்று நிமிடமும் தீரும்வரை
பலகையில் இருந்தேன்.

கழிப்பறையில் இம்முறை பிளாஸ்திரி என்னிடம்.
"திருடி" என்றாள், சிரித்தாள்,
தொட்டியின் விளிம்பில் இடக்காலைத் தூக்கி வைத்தாள்.
சுற்றிவிட்டேன்.
அந்தக் கட்டைவிரல்தான்.
உதைக்குமுன் ஒரு கணம்
பாயிலிருந்து தலை தூக்கிப் பார்க்கிறது.
இரண்டாவது நிமிடத்தில் கண்டேன்,
கண்டபோது அவள் கால் என் காதருகே இருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். பட்ட கடன்.
நாக்கு நுனிவரை வந்து
பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டது.
மே மாதம் சராயேவோவில் ஒரு போட்டி இருக்கிறது.
அது முடியட்டும், சொல்கிறேன்.